ஏழாவது சீட்டு

ஓட்டுப் போடும் வரிசையில் எனக்கு முன்னால் தவ்ஃபீக் மட்டும் நிற்காமல் இருந்திருந்தால், இந்தக் கதை என்னோடு மண்ணுக்குள் போயிருக்கும். அவன் வாய் இருக்கிறதே, அதற்கு எழுபது வயதாகியும் பூட்டு கிடைக்கவில்லை.

லெபனான் பாராளுமன்றத் தேர்தலுக்கு இப்போதெல்லாம், செனகலில் நாங்கள் குடியிருக்கும் டக்காரிலேயே ஓட்டுப் போடலாம். ஒரு பள்ளிக்கூடத்தை ஞாயிற்றுக்கிழமை வாடகைக்கு எடுத்து, கொடியைக் கட்டி, பெட்டியை வைத்துவிடுகிறார்கள். அதிகாலையிலேயே நல்ல கூட்டம். பெண்கள் வியர்வையில் நனைந்துகொண்டு கைப்பைகளால் விசிறிக்கொண்டிருந்தார்கள். தவ்ஃபீக் திரும்பிப் பார்த்துப் பல்லைக் காட்டினான்.

"என்ன இன்ஸாஃப் அக்கா, பேனா கொண்டு வந்திருக்கீங்களா?"

"எதுக்குடா பேனா? உள்ள அவனே குடுப்பான். ஒரு கோடு கிழிச்சாப் போதும்."

"படமும் போட்டிருக்கானாமே. வேட்பாளரோட மூஞ்சியே சீட்டுல இருக்காம். அன்னிக்கே இப்படி இருந்திருந்தா..."

"ஆரம்பிச்சுட்டியா?"

"அந்த ஏழாவது ஆள் யாருன்னு மட்டும் தெரிஞ்சுட்டா நான் நிம்மதியா கண்ணை மூடுவேன், அக்கா."

இருபத்தி நாலு வருஷமாக இதே பேச்சு. கல்யாண வீட்டில், சாவு வீட்டில், நோன்புக் கஞ்சி குடிக்கும் இடத்தில், எங்கே பார்த்தாலும் அந்த ஏழாவது ஆள். வழக்கமாக நானும் சேர்ந்து சிரிப்பேன். இன்றைக்கு என்னால் சிரிக்க முடியவில்லை. பக்கத்தில் என் தம்பி காஸ்தோன் இல்லை என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். அவன் போய் நான்கு வருஷம் ஆகிறது.

காஸ்தோன் என்றால் என் தம்பி. எங்கள் அப்பா அவனுக்கு வைத்த பெயர் நஜ்முத்தீன். பாதிரியார் பள்ளிக்கூடத்தில் சேர்த்த முதல் நாளே வாத்தியாருக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டு, "நீ காஸ்தோன்" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்தவனை அம்மாகூட வேடிக்கையாகக் காஸ்தோன் என்று கூப்பிட்டாள். அதற்குப் பிறகு நஜ்முத்தீன் என்ற ஒருவன் பாஸ்போர்ட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தான். தெருவில் பழம் விற்கும் செனகல் பெண்களுக்கும் அவன் காஸ்தோன்தான், வரி அதிகாரிக்கும் காஸ்தோன்தான்.

எங்கள் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சந்தாகா சந்தைக்குப் பின்பக்கம், இருபத்திரண்டு துணிக்கடைகள். அதில் பத்தொன்பது ஐன் சுமாக்காரர்களுடையவை. ஐன் சுமாக் என்பது லெபனானில், சூர் நகரத்துக்கு மேலே, மலையில் இருக்கும் எங்கள் பூர்வீக ஊர். ஊரில் இருந்தவர்களைவிட அந்தத் தெருவில் இருந்தவர்கள் அதிகம் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். அங்கே ஒருத்தன் பக்கத்து நிலத்தில் எல்லைக் கல்லை நகர்த்தி வைத்தால், பத்தாவது நாள் இங்கே ஒலிநாடா வந்துவிடும். அந்தக் காலத்தில் கடிதத்தைவிட ஒலிநாடாதான் எங்களுக்குப் பிடிக்கும். தவ்ஃபீக்கின் அப்பா தன் காப்பிக் கடையில் அதைப் போட்டுவிடுவார். ஊர்க்காரன் அழுவான், திட்டுவான், பின்னால் கோழி கத்தும். நாங்கள் பத்துப் பேர் காப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வோம். மறுவாரமே எங்கள் ஒலிநாடா ஊருக்குப் போகும். ஊரின் தலைவரான முக்தார் யார், மசூதிக்கு முன்னால் எந்த மரத்தை வெட்டலாம், யார் வீட்டுப் பெண்ணை யாருக்குக் கொடுக்கலாம் எல்லாம் அந்தக் கடையில்தான் முடிவாகும். எவ்வளவு திமிர் எங்களுக்கு! ஆனால் என்ன சந்தோஷமான திமிர். இப்போது அந்தக் கடை இருந்த இடத்தில் கைப்பேசி விற்கிறார்கள். 

அந்தத் திமிருக்கு ஒரு நியாயமும் இருந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்தைக் கட்டியது நாங்கள்தான். எங்கள் அப்பாக்கள் ஐம்பத்தாறாம் வருஷம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டினார்கள். நான்கு அறை, ஒரு முற்றம், வாசலில் ஒரு கல். அந்தக் கல்லில் முப்பத்தோரு பெயர்கள். எங்கள் அப்பா யாகூப் ஸைதூன் பெயர் ஒன்பதாவது. பள்ளிக்கூடம் கட்டி முடிந்த கையோடு பெண்பிள்ளைக்கு அரபி எழுத்து வேண்டும் என்று பத்து வயதில் என்னைத் தனியாகக் கப்பலில் ஊருக்கு அனுப்பிவைத்தார் அப்பா. காஸ்தோனுக்கு ஏழு வயது. துறைமுகத்தில் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றான். ஆறு வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். வாரம் தவறாமல் வகுப்பிலேயே உட்கார்ந்து அவனுக்குக் கடிதம் எழுதுவேன். ஒவ்வொரு கடிதமும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: 'என் காஸ்தோனுக்கு.' என் கையெழுத்து அழகு என்று ஊரே சொல்லும். காஸ்தோன் என்ற பெயரின் கடைசி எழுத்தின் வாலைச் சுழித்து, புள்ளியை உள்ளே தொட்டில் போட்டு வைப்பேன்.

தொண்ணூற்றெட்டில், முப்பத்தைந்து வருஷம் கழித்து, ஊர்களுக்கு நகராட்சித் தேர்தல் என்று அறிவித்தார்கள். போரெல்லாம் ஓய்ந்து அரசாங்கத்துக்கு அப்போதுதான் ஊர்களின் நினைவு வந்திருந்தது. ஐன் சுமாக்குக்கு ஒன்பது உறுப்பினர்கள். உடனே இன்னொரு ஆப்பிரிக்க நகரமான அபிஜானில் இருந்த ஹாஜி நாயிஃப் ஒன்பது பேர் கொண்ட பட்டியலைப் போட்டார். அவரும் எங்கள் ஊர்தான். மரத் தொழிலில் பெரும் பணக்காரர். பட்டியலுக்குத் தலைவர் அவருடைய அக்கா மகன். ஜெயித்தால் பழைய பள்ளிக்கூடத்தை இடித்துவிட்டு, அங்கே தன் அப்பா பெயரில் மூன்று மாடிக்குப் பளிங்கு மண்டபம் கட்டித் தருவாராம்.

இந்தச் செய்தி வந்த ஒலிநாடா காப்பிக் கடையில் ஓடி முடிந்தது. காஸ்தோன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"நான் நிக்கிறேன்" என்றான்.

"நீயா? உனக்கு அரபியில உன் பேரு எழுதவே மூச்சு வாங்குமே" என்றேன்.

"பேரு எழுதத் தெரிஞ்சாப் போதும்னு சட்டம் சொல்லுது, அக்கா. ஒன்பது பேர்ல ஒருத்தனா உள்ள போய் உக்காந்துட்டேன்னா, அந்தக் கட்டடத்து மேல கை வைக்க விட மாட்டேன். ஜெயிச்சா கடையை உங்கிட்ட விட்டுட்டு அங்கயே போயிடுவேன். அப்பா பேரு இருக்கற கல்லை எவனோ மண்டபத்துக்கு அஸ்திவாரத்துல போடறதா?"

அபிஜானிலிருந்து ஹாஜி முழு விமானத்தையே வாடகைக்கு எடுத்து ஆட்களை இலவசமாக அழைத்துப் போனார். நாங்கள் அறுபத்து மூன்று பேர் அவரவர் காசில் டிக்கெட் வாங்கினோம். ஹாஜியிடம் இன்னொரு தந்திரமும் இருந்தது. அப்போதெல்லாம் ஓட்டுச் சீட்டை அரசாங்கம் அச்சடிப்பதில்லை. வெள்ளைத் தாளில் பெயர்களை யார் வேண்டுமானாலும் எழுதிக் கொண்டுவந்து போடலாம். ஹாஜியின் ஆட்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சீட்டு அடித்துக் கொடுத்தார்கள். பெயர்கள் அதே ஒன்பதுதான், வரிசை மட்டும் வீட்டுக்கு வீடு வேறு. எண்ணும்போது அதிகாரி பெயர்களை வரிசையாக உரக்கப் படிப்பார்; காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால், எந்த வீடு ஏமாற்றியது என்று கண்டுபிடித்துவிடலாம். காஸ்தோனுக்கு இதைக் கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது.

"நம்ம ஆளுங்க யாரும் சீட்டு வாங்க வேணாம். திரைக்குப் பின்னாடி போய் அவங்கவங்க கையால எழுதட்டும். ஒரே ஒரு பேரு. நஜ்முத்தீன் யாகூப் ஸைதூன்" என்றான்.

சொல்வது சுலபம். எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அரபி பேசுவார்களே தவிர, எழுத்து என்றால் குருடு. அந்த வேலை என் தலையில் விழுந்தது. இரண்டு மாதம், கடை சாத்தியதும், துணி சுற்றும் பழுப்புத் தாளில் வகுப்பு நடத்தினேன். ஐம்பது, அறுபது வயதுப் பெரியவர்கள் தரையில் உட்கார்ந்து, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு எழுதுவார்கள்.

"யாரும்மா இந்த நஜ்முத்தீன்?" என்று கேட்டார் ஒரு கிழவர்.

"காஸ்தோன்தான் மாமா."

"காஸ்தோன்னா காஸ்தோன்னு எழுத வேண்டியதுதானே. சின்னப் பேரு. கையும் வலிக்காது."

"பதிவேட்டுல அந்தப் பேரு கிடையாது மாமா. அப்படி எழுதினா சீட்டு செல்லாது, குப்பைதான்."

தவ்ஃபீக்தான் பெரிய மக்கு. ஆறாவது தடவையும் 'காஸ்தோன்' என்றே எழுதிக்கொண்டு வந்து நீட்டினான். நான் அளவுகோலால் அவன் விரலில் ஒரு போடு போட்டேன்.

"இன்னொரு தடவை காஸ்தோன்னு எழுதினே, கையை ஒடிச்சு அடுப்புல வெச்சிருவேன்!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காஸ்தோனும் வாசலில் நின்று சிரித்தான். வெளியே மீன் சோற்றுக்காரி தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். என் வாழ்க்கையில் அவ்வளவு கலகலப்பான இரண்டு மாதம் அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

ஊருக்குப் போய் இறங்கினோம். தெருவில் ஒரு பக்கம் அபிஜான்காரர்கள், ஒரு பக்கம் நாங்கள். நடுவில் ஊர்க்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். என் ஒன்றுவிட்ட தங்கை ஹஸீபா ஊரைவிட்டு எங்கும் போகாதவள். தட்டில் பச்சைப் பாதாம்காய் வைத்துக்கொண்டு வந்தாள்.

"ரெண்டு விமானம் வந்து எங்க தெருவுல மல்லுக்கு நிக்குது. ஞாயித்துக்கிழமை சண்டை, புதன்கிழமை நீங்க பறந்துருவீங்க. எங்களை யாராவது கேட்டீங்களா?" என்றாள்.

"உனக்குப் பள்ளிக்கூடம் வேணுமா, மண்டபம் வேணுமாடி?"

"என் பேரன் ரெண்டும் அங்கதான் படிக்குது. பள்ளிக்கூடம்தான் வேணும். ஆனா நீ கேட்டதே இப்பதான், அதான் சொன்னேன்."

எனக்குச் சுருக்கென்றது. உப்புத் தொட்டுப் பாதாம்காயைத் தின்றுகொண்டே வேறு பேச்சுக்குத் தாவிவிட்டேன்.

வாக்குச்சாவடி வேறு எங்கே இருக்கும், அந்தப் பள்ளிக்கூடத்தில்தான். பெண்களுக்கு மூன்றாம் அறை. நான் படித்த அறை. ஜன்னல் அப்படியே இருந்தது. திரை கட்டிய மேசையை அந்த ஜன்னலுக்குக் கீழேதான் போட்டிருந்தார்கள், சரியாக என் பெஞ்சு இருந்த இடத்தில். உள்ளே போய்க் குனிந்தேன். சுண்ணாம்பு வாசனை. வெளியே அதே அத்திமரம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெள்ளைத் தாளை எடுத்து எழுதினேன், மடித்தேன், உறையில் போட்டேன், பெட்டிக்குள் போட்டுவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டே வெளியே வந்தேன். என்ன எழுதினேன் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், அல்லா மேல் ஆணையாக நஜ்முத்தீன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

மாலையில் எல்லா அறைப் பெட்டிகளையும் ஒன்றாகக் கொட்டி எண்ணினார்கள். அதிகாரி ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து உரக்கப் படித்தார். காஸ்தோன் வேட்பாளர் என்பதால் மேசைக்குப் பக்கத்திலேயே நின்றான். நாங்கள் வாசலில் குவிந்திருந்தோம். நடுவில் அதிகாரி ஒரு சீட்டை எடுத்து முகத்தைச் சுளித்தார்.

"கா... காஸ்தோன்? யாரு இது? இப்படி ஒருத்தர் பட்டியல்லயே இல்லியே."

அபிஜான்காரர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். சீட்டு செல்லாது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. பிறகு இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் நான் எங்கள் ஆட்களைத் திரும்பி முறைத்தேன். ஏழாவது சீட்டை அதிகாரி விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"இதுவும் காஸ்தோன்தான். ஆனா எழுத்து என்ன அழகு பாருங்க" என்றார்.

வாசலிலிருந்தே பார்த்தேன். சுழித்த வால். உள்ளே தொட்டிலில் புள்ளி. அதற்குப் பிறகு நான் யாரையும் முறைக்கவில்லை.

கடைசி இடத்தைப் பிடித்த ஹாஜியின் ஆளுக்கு இருநூற்று இருபத்தொன்று. காஸ்தோனுக்கு இருநூற்றுப் பதினான்கு. இரண்டு பேரும் சமமாக வந்தால் வயதில் மூத்தவனுக்கு இடம், காஸ்தோன்தான் மூத்தவன். அதாவது அந்த ஏழும் செல்லியிருந்தால் அவன் உள்ளே.

சூரிலிருந்து வந்த வக்கீல் அன்றே சொன்னார். "பதினஞ்சு நாளுக்குள்ள முறையீடு செய்யலாம். எழுதின ஏழு பேரும் வந்து, 'இது நான் எழுதினது, காஸ்தோன்னா இவர்தான்'னு கையெழுத்துப் போடணும். அப்ப கோர்ட்டு கேக்கும். ஏழு பேரும் வேணும். ஆறு இருந்து பிரயோஜனமில்ல."

முதலில் வந்தவன் தவ்ஃபீக். தலையில் அடித்துக்கொண்டு வந்தான். அடுத்து அந்தக் கிழவர். மறுநாள் காலைக்குள் ஆறு பேர் வந்து அழுதார்கள், சிரித்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள். ஏழாவது ஆள் வரவில்லை.

நான் எப்படிப் போவேன்? அளவுகோலால் அடித்தவள் நான். கையை ஒடிப்பேன் என்றவள் நான். அறுபத்திரண்டு பேருக்கு முன்னால், அபிஜான்காரர்கள் சிரிக்க, 'நான்தான்' என்று சொல்வதா? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். புதன்கிழமை விமானத்தில் எல்லோரோடும் ஏறிவிட்டேன். கடையைத் திறக்க வேண்டுமே என்று ஒரு சாக்கு இருந்தது.

காஸ்தோன் மட்டும் தன் டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுவிட்டு ஊரிலேயே தங்கினான். பள்ளிக்கூடத்துப் படியில் போய் உட்கார்ந்திருப்பானாம், ஹஸீபா சொன்னாள். தினமும் சாயங்காலம் கடைக்குப் போன் செய்வான்.

"வேற ஏதாவது விசேஷம் உண்டா அக்கா?"

"ஒண்ணும் இல்லடா."

கெடு முடியும்வரை தினமும் கேட்டான். தினமும் அதையே சொன்னேன். பதினாறாம் நாள் விமானம் ஏறி வந்தான். அடுத்த கோடையில் பள்ளிக்கூடத்தை இடித்தார்கள். கல்லை யாரும் எடுத்து வைக்கவில்லை. பிள்ளைகள் வேனில் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போகிறார்கள். மண்டபம் ஆகஸ்ட் மாதம் கல்யாணத்துக்குத் திறக்கும், மற்ற மாதமெல்லாம் பூட்டிக் கிடக்கும். காஸ்தோன் அதற்குப் பிறகு ஊர்ப் பக்கமே போகவில்லை. காப்பிக் கடையில் தவ்ஃபீக் ஏழாவது ஆளைப் பற்றி வேடிக்கை பேசும்போதெல்லாம் அவனும் சேர்ந்து சிரிப்பான். ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை.

அவன் போவதற்கு முந்தின மாதம், கட்டிலில் சாய்ந்தபடி நான் ஊட்டிய தயிரைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். திடீரென்று கேட்டான்.

"அந்த வாலை இன்னும் அப்படித்தான் சுழிக்கிறியா அக்கா?"

கரண்டி என் கையிலேயே நின்றுவிட்டது.

"எப்பலேருந்துடா தெரியும்?"

"அந்த ஆளு விளக்குல தூக்கிக் காட்டினானே, அப்பலேருந்து. ஆறு வருஷம் வாரா வாரம் பாத்த எழுத்து. எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன்டா கேக்கல? ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே! பாவி, ஏன்டா கேக்கல?"

"தினமும் கேட்டேனே" என்றான்.

நான் ஓவென்று அழுதேன். அவன் என் முழங்கையைத் தட்டிக்கொடுத்தான்.

"விடுக்கா. நஜ்முத்தீனுக்கு இருநூத்திப் பதினாலு விழுந்துச்சு. அவன் யாரோ. எனக்கு விழுந்தது ஏழுதான்" என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தான், அடுத்த கரண்டிக்கு.

அவன் மன்னித்துவிட்டான். அதைச் சொல்லிச் சொல்லியே நான்கு வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

இப்போது வரிசை நகர்ந்தது. தவ்ஃபீக் இன்னும் விடவில்லை. பின்னால் நின்ற இளசுகளுக்குக் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

"நாங்க ஆறு மக்குங்களாவது வந்து ஒத்துக்கிட்டோம். அந்த ஏழாவது ஆளு, எவனோ, வாயே திறக்கல. எப்படித்தான் சோறு இறங்குச்சோ!"

"தவ்ஃபீக்" என்றேன்.

"என்ன அக்கா?"

"நான்தாண்டா அது."

அவன் முதலில் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். நான் கையிலிருந்த அடையாள அட்டையின் பின்பக்கத்தில், விரல் நகத்தால், அந்தப் பெயரை எழுதிக் காட்டினேன். வாலைச் சுழித்து, புள்ளியை உள்ளே வைத்தேன். எழுபது வயதுக்காரனின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியதை இன்றைக்குத்தான் பார்த்தேன்.

'போகட்டும் அக்கா' என்பான் என்று காத்திருந்தேன். காஸ்தோனே விட்டுவிட்டானே, இவன் என்ன பெரிதாகச் சொல்லிவிடப் போகிறான் என்றுதான் நினைத்தேன்.

உள்ளேயிருந்து அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். அவன் நகரவில்லை.

"அந்தக் கல்லுல எங்க அப்பா பேரும் இருந்துச்சு, அக்கா" என்றான்.

பிறகு திரும்பிக்கொண்டு ஓட்டுப் போட உள்ளே போனான்.